செக்பொயின்றில் ஒரு பௌதிகக்காரர்

மனிதர்களில் பௌதிகக்காரர் என்றோர் இனம் உண்டு. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பவர், படித்து முடித்தவர், முடிக்காமல் விட்டவர் எல்லோரும் இதில் அடக்கம். அடையாளம் காண்பது வெகு சுலபம். தென்னையிலிருந்து தேங்காய் கழன்றால் நீங்களும் நானும் விலகி ஓடுவோம். அவர் அண்ணாந்து மரத்தின் உயரத்தைக் கணக்குப் போடுவார். ஷெல்லடி தொடங்கி, ஊரே பங்கருக்குள் இறங்கி, ஆளுக்கொரு தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கையில், அவர் மட்டும் மேலே நின்று வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான வினாடிகளை எண்ணி, இது தூரத்தில் விழுந்தது, பயப்படத் தேவையில்லை என்று அறிவிப்பார். அடுத்தது கிட்ட விழும். அதற்கும் அவரிடம் விளக்கம் இருக்கும்.

விளக்கம்தான் அவர் தொழில்; திருத்துவது அல்ல. கொக்கட்டிச்சோலையில் எங்கள் அயல்வீட்டுக் கோணாமலை கம்பஸில் பௌதிகம் படிக்கிறான் என்று கேள்விப்பட்டு, வயல் வட்டையில் தண்ணீர் இறைக்கிற மெஷின் பழுதானால் அதைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் உண்டு. அவன் அதில் கை வைக்கவே மாட்டான். அமுக்கம் என்றால் என்ன என்று தொடங்கி, வளிமண்டலம் வரைக்கும் போய், இத்தாலிக்காரர் யாரையோ இழுத்து, ஒருவழியாக முடிப்பான். வந்தவர்கள் மெஷினை மறுபடி சுமந்துகொண்டு, ஆனால் மிகுந்த மரியாதையோடு, போவார்கள். தாய் சின்னத்தங்கத்துக்கு மட்டும் ஒரே கவலை. "இதப் படிச்சா எங்க மனே போகலாம்?" என்று கேட்பாள். அமெரிக்கா வரைக்கும் போகலாம் என்பான்.

முதலில் போனது ஆமிக் காம்புக்கு.

நாங்கள் வாவியைப் பாதையில் கடந்த காலம் அது. பாதை என்றால் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் மிதவை. அக்கரையில் செக்பொயின்ற், இராணுவச் சோதனைச் சாவடி. பௌதிகம் படிப்பவன் குண்டு செய்வான் என்று அங்கே திடமாக நம்பினார்கள். ஆகவே என்ன படிக்கிறாய் என்று கேட்டால் எல்லா மாணவர்களும் ஆர்ட்ஸ் என்றே சொல்வார்கள். செய்முறைப் பரீட்சைக்குப் புறப்பட்ட அன்று கோணாமலையும் ஒழுங்காகத்தான் சொன்னான். ஆர்ட்ஸ், வரலாறு. சிப்பாயும் போ என்று கைகாட்டிவிட்டான்.

போக வேண்டியதுதானே?

தண்ணீரில் ஊன்றியிருந்த கம்பைப் பார்த்து அந்தச் சிப்பாய், கம்பு வளைந்துபோய்விட்டது என்று தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு பகிடி விட்டான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கடமைக்குச் சிரித்தோம். கோணாமலை சிரிக்கவில்லை. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கேட்டால்தானே?

"கம்பு நேர்தான் சேர். தண்ணிக்குள்ள இருந்து வாற வெளிச்சம்தான் திரும்புது."

அதோடாவது விட்டானா? எந்தக் கோணத்தில் திரும்புகிறது, நீருக்கு எவ்வளவு, கண்ணாடிக்கு எவ்வளவு என்று கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினான். வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு ஞானமா என்று அதிகாரி எழுந்து வந்தார். பையைத் திறந்தார். பரீட்சைக்கென்று எடுத்து வந்த செப்புக் கம்பிச் சுருள் உள்ளே பளபளத்தது. அவ்வளவுதான், ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போதுதான் சிரிக்கிறேன், அன்று சிரிக்கிற விஷயமில்லை. அந்த நாட்களில் காம்புக்குள் போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வரவில்லை. சேதி கேட்டு ஓடிவந்த சின்னத்தங்கம் காம்பு வாசலில் மண்ணில் குந்தி, ஊரிலுள்ள கோயில் எல்லாவற்றுக்கும் நேர்த்தி வைத்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு அவனே சொன்னான், அதுவும் பெருமையோடு. அதிகாரி கிரிக்கெட் கேட்கும் ரேடியோ இரைந்துகொண்டே இருந்ததாம். குண்டு செய்கிறவனுக்கு இது எம்மாத்திரம், திருத்து பார்ப்போம் என்று முன்னால் வைத்தாராம். திருத்தினால் ஆள் தொலைந்தான் என்பது யாருக்கும் விளங்கும். கோணாமலைக்கு விளங்கவில்லை. முதலில் அலைகளைப் பற்றி விரிவுரை. பிறகு சிகரெட் பெட்டியைக் கிழித்து அதில் படம். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு ரேடியோவைக் கழற்றினான். திரும்பப் பூட்டியபோது சில திருகாணிகள் மிஞ்சின. இரைச்சலும் நின்றுவிட்டது, கிரிக்கெட்டும் நின்றுவிட்டது.

பின்னேரம் அதிகாரியே அவன் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர். "அம்மா, இவன கூட்டிப் போங்க. இவன் குண்டு செஞ்சா அது இவன்ட கையிலகூட வெடிக்காது" என்றார். சின்னத்தங்கம் அவரைக் கும்பிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. கோணாமலையின் முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று. நாலடி நடந்தவன் நின்றான். திரும்பினான்.

"இல்ல சேர், தியறிப்படி பாத்தா ஏலும்..."

சின்னத்தங்கம் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே துறையடி வரைக்கும் இழுத்து வந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த ரேடியோவில் எது பழுதாகியிருக்கும் என்று இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் யோசிக்கவில்லையா? கொண்டென்சராகத்தான் இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கவில்லையா? எடுத்தீர்களென்றால், தயவுசெய்து செக்பொயின்ற் பக்கம் தனியே போகாதீர்கள். தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள்.