டச் சாமியின் விரல் பொருத்தம்

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்கு வருவது வழக்கம். இந்த ஜூன் மாதம் முழு எலும்போடு இருந்தவர்களும் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையிலிருந்து வரிசை கிளம்பி, டீக்கடையைத் தாண்டி, செருப்புக் கடையையும் தாண்டி நின்றது. கூட்டத்தை ஒழுங்கு செய்ய வந்த போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிட்டார். அவர் பையனுக்கும் காலேஜில் இடம் கிடைத்திருந்தது.

உள்ளே இருந்தவர் டச் சாமி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ரேணிகுண்டாவில் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த கோவர்த்தனன்தான். போனுக்கு ஒட்டினால் கூலிதான் வரும், ஜனங்கள் கண்ணுக்கு ஒட்டினால் கும்பிடும் சேர்ந்து வரும் என்று கண்டுகொண்ட மகான்.

விஷயம் இதுதான். காலேஜுக்குப் போகிற பிள்ளைக்குச் சின்னதாக, விலை குறைவாக, திரையைத் தொட்டாலே வேலை செய்கிற ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். எதை வாங்குவது? பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், அந்தக் குட்டிக் கீபோர்டில் பத்து விரலும் அடங்குமா, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் விசாரிக்கலாம். ஆனால் அதற்கு மூளை செலவாகும். சாமியிடம் வந்தால் அந்தச் செலவு மிச்சம். பத்து அங்குலத் திரை மேஷத்துக்கு ஆகாது. பதினொன்று ரிஷபத்துக்கு அமோகம். முழுசாகத் திருப்பி மடக்குகிற வகையைக் கன்னி ராசிக்காரர்கள் கண்ணாலும் பார்க்கக் கூடாது. திரை முதுகைக் காட்டினால் சொந்தபந்தமும் முதுகைக் காட்டுமாம்!

ராசி முடிந்ததும் விரல் பொருத்தம். வாங்கித் தருகிற தகப்பனோ தாயோ சாமியின் லேப்டாப்பில் தெரியும் தாமரையைத் தொட வேண்டும். மணி அடித்து, திரையில் இருக்கும் சரஸ்வதி சிரித்தால் பிள்ளைக்குப் படிப்பு ஏறும். சிரிக்காவிட்டால் தோஷம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பேங்க் கிளார்க் தொட்டால் சிரித்தாள், காண்டிராக்டர் தொட்டால் சிரித்தாள். களை எடுத்த கையும் கல் உடைத்த கையும் தொட்டால் மட்டும் உம்மென்று இருந்தாள். ஏன் என்று வரிசையில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் வரிசைக்கே வர மாட்டார்களே!

கொத்தனார் நாகேந்திரனின் முறை வந்தது. இருபத்தைந்து வருஷம் சிமெண்டில் ஊறிக் காய்த்துப்போன விரல்கள் அவருக்கு. ரேஷன் கடை மெஷினே அவர் கட்டைவிரலைப் பலமுறை தள்ளிவிட்டுத்தான் ஒத்துக்கொள்ளும். மகள் ரூபா மறுநாள் திருப்பதியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர வேண்டும், கையில் லேப்டாப்போடு. அதற்குச் சேர்த்த பணம் மடியில் இருந்தது. கூடவே ரூபாவும், அவர் மனைவியின் தங்கை கௌசிகாவும் வந்திருந்தார்கள். ஸ்ரீ சிட்டி தொழிற்சாலை ஒன்றில் போன் திரைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை கௌசிகாவுக்கு.

"ஒரு நாளைக்கி ஆயிரம் ஸ்கிரீன் தொட்டுப் பாக்கறன் மாமா. ஒண்ணுல கூட சாமி வரல."

"சும்மா இரு கௌசிகா. வந்த எடத்துல பேசிக்கினு..."

நாகேந்திரன் விரலை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு தொட்டார். மணி அடிக்கவில்லை. மறுபடி துடைத்து, மறுபடி தொட்டார். சரஸ்வதி அசையவில்லை.

சாமி கண்ணை மூடினார். "தோஷம் நாயனா! இந்தக் கை வாங்கித் தர்ற எதுவும் பொண்ணுக்குப் படிப்பு தராது. இந்த வருஷம் அனுப்பாத."

நாகேந்திரன் தன் கையைப் பார்த்தார். ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பிய கை. ரூபா படித்த பள்ளிக்கூடத்துக்குப் பூசிய கை. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

"அவசரப் பரிகாரம் இருக்குது," என்றார் சாமி. "மடியில இருக்கறதத் தட்டுல வெய்யி. தீர்த்தம் தெளிச்சி இப்பவே தொட வெக்கறேன்."

"அப்பறம் லேப்டாப்பு எதுல வாங்கறது சாமி?"

"மொதல்ல தோஷம் போவட்டும். லேப்டாப்பு தானா வரும்."

"வேணாம் நைனா," என்றாள் ரூபா. நாகேந்திரனின் கை அதற்குள் மடியை அவிழ்த்துவிட்டது.

கௌசிகா தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். "பணம் மடியிலயே இருக்கட்டும் மாமா. இத்தக் கை நெறையப் புடிங்க. நுனியால அந்தத் தாமரையத் தொடுங்க."

"சாமி பழம்மா அது!"

"துன்னச் சொல்லல. தொடச் சொல்றன்."

தொட்டார். டிங்! சரஸ்வதி பல் தெரியச் சிரித்தாள்.

"அது... பிரசாதம்! அதுல அம்மா இருக்கறா!" என்று சாமி எழுந்தார்.

"அப்டியா? செங்கம்மாக்கா, உன் பையில இன்னா?" வரிசையில் நின்ற செங்கம்மா சந்தையிலிருந்து நேராக வந்தவள். போன வாரம்தான் அவள் விரலும் ஃபெயில். ஒரு கத்திரிக்காயை எடுத்து அவளே அழுத்தினாள். டிங்! வெள்ளரிக்காய், டிங்! வரிசை சிதறியது. ஆளாளுக்குக் காய்கறியோடு பாய்ந்தார்கள். ஒரு பாகற்காய் முதல் வகுப்பில் தேறியது. போலீஸ்காரர் குனிந்து மூக்கால் தொட்டார். டிங்!

"சாமி, இப்ப நீங்க," என்றாள் கௌசிகா. அவர் தோளிலிருந்த பட்டுத் துண்டை உருவி, அவர் விரலிலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றினாள். போலீஸ்காரர் அந்தக் கையைப் பிடித்துத் தாமரைமேல் வைத்தார். சத்தமே இல்லை.

"சாமிக்கே தோஷம்டோய்!" என்று யாரோ கத்தினார்கள். "அவசரப் பரிகாரம் பண்ணுங்க!" ஒரு குடம் தீர்த்தம் அவர் தலைமேல் கவிழ்ந்தது. இனி எதற்கு மரியாதை? கோவர்த்தனன் நனைந்த கோழியாக நின்றான். போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"ஈரப்பசை இருந்தாதான் ஸ்கிரீனுக்குத் தெரியும் மாமா," என்றாள் கௌசிகா. "உங்க விரல் நுனி காய்ச்சிப் போயிருக்குது, அவ்ளோதான். அவன் தீர்த்தமும் வெறும் ஈரந்தான். விரல மடக்கிக் கணுவால தொடுங்க."

தொட்டார். டிங்! நாகேந்திரன் திகைத்தார். மறுபடி தொட்டார். எட்டு முறை தொட்டு, எட்டு முறையும் குழந்தைபோலச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார்கள். நாகேந்திரன் வரிசையாகக் கேட்டார். "தொடறது இருக்கட்டும்பா. பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும்? பஸ்ல தூக்கிக்கினு போவக் கனமா இருக்குமா? கெட்டுப்போனா புத்தூர்லயே சரி பண்ணுவாங்களா?"

கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன், "பொண்ணு என்ன ராசி சார்?" என்றார்.

நாகேந்திரன் சட்டைப் பையிலிருந்து அந்த வாழைப்பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இத்தக் கேளு. இதுதான் சரஸ்வதிகிட்ட பாஸானது."

பெரியோர்களே, தாய்மார்களே! கத்திரிக்காய்க்குக் கிடைத்த அருள் உங்களுக்குக் கிடையாது என்று ஒருவன் சொன்னால், மடியை அவிழ்க்கும் முன் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்கள். திரையாவது யாராவது தொட்டால்தான் விழிக்கும். உங்கள் மூளைக்குமா ஒருத்தி ஸ்ரீ சிட்டியிலிருந்து வர வேண்டும்?