ஒன்பதாம் மாடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவியும் மகளும் சுகம். அங்கே நீங்கள், அக்கா, குழந்தைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்காவதாக என் வேலையும் சுகமாக இருக்கிறது என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

துணிக் கிடங்கில் இருப்புப் பார்க்கும் வேலைக்கு நீங்கள் முதலாளியிடம் எனக்காகப் பேசி, அவரும் சம்மதித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மிகவும் நன்றி. ஆனால் அந்த வேலை இப்போது எனக்கு வேண்டாம். கெஞ்சிக் கடிதம் எழுதியவன் பதினெட்டே நாளில் வேண்டாம் என்கிறானே, இவனுக்கு என்ன கொழுப்பு என்று நீங்கள் நினைக்கக்கூடும். நீங்கள் நினைக்காவிட்டாலும் அக்கா நினைப்பாள். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். தேதியும் எண்ணிக்கையும் என் ட்ரிப் நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். நான் லிஃப்டில் ஒவ்வொரு தடவை ஏறி இறங்குவதையும் அந்த நோட்டில் ஒரு கோடு போட்டு வைப்பது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருடத்தில் ஒரு கோடு தவறியதில்லை.

போன மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, எங்கள் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடிக்கு ஒரு நடிகை குடிவந்தார். பெயரைச் சொன்னால் அக்கா இந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள் என்பதால் சொல்லவில்லை. சாமான் எல்லாம் என் லிஃப்டில் ஏறின. அவர் மட்டும் ஏறவில்லை. வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, படிக்கட்டில் நடந்தே போனார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் யாரோ அதைப் படம் பிடித்துக் குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினோராம் மாடிப் பல் டாக்டர் லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், "இவ்வளவு வருஷமா என் ஆரோக்கியத்தைக் கெடுத்தது நீதான்யா" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த வாரத்துக்குள் மொத்தக் குடியிருப்பும் வெள்ளைக் காலணியோடு படியில்தான். அதிலும் நடிகையம்மா ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒரு நிமிடம் நிற்பார், இடுப்பில் கை வைத்து ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். ஆகவே எல்லோரும் ஐந்தாம் மாடியில் நின்று, இடுப்பில் கை வைத்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அதைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு வரிசை நின்றது, அத்தான். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் தன் வீட்டைத் தாண்டி ஐந்து வரைக்கும் ஏறி, தொட்டியைப் பார்த்துவிட்டு, மறுபடி இரண்டுக்கு இறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் அறை படிக்கட்டுக்கு அடியில் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். மகளுக்குப் பொதுத்தேர்வு நேரம். தலைக்கு மேல் அறுபது குடும்பம் தடதடவென்று ஆரோக்கியமாகிக்கொண்டிருந்தது. அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். இதாவது போகட்டும். முன்பெல்லாம் நாளொன்றுக்கு இருநூற்று நாற்பது கோடு போட்ட என் நோட்டில் பதினெட்டாம் தேதி பதினொரு கோடுதான். அதில் ஐந்து, ஏழாம் மாடிக் கைத்தடிப் பெரியவருடையது. மீதி ஆறு, நாய். மூன்றாம் மாடி அம்மாள் தான் படியேறிக்கொண்டு நாயை மட்டும் என்னோடு லிஃப்டில் அனுப்புவார். "அதுக்கு மூட்டு வலி, பாவம்" என்பார்.

இந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிவிப்பு ஒட்டினார். மாதக் கூட்டத்துக்குள் நாளொன்றுக்குச் சராசரி ஐம்பது ட்ரிப் இல்லையென்றால் லிஃப்ட் ஆபரேட்டர் பதவி எடுக்கப்படும். பதவி போனால் அறையும் போகும். தேர்வுக்குப் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளை எங்கே கூட்டிப்போவேன்? மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை இருக்குமே, "வீட்டு வேலை செய்வோரும் பொருள் கொண்டுவருவோரும் படிக்கட்டைப் பயன்படுத்தவும்" என்று, அது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்தப் பலகையைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான்தான்; இதை மறைத்து எழுத விரும்பவில்லை. இப்போது வீட்டுக்காரர்கள் எல்லாம் படியில் இருக்க, வாளியோடும் கூடையோடும் வருகிறவர்கள் அவர்கள் மேல் இடிக்க ஆரம்பித்தார்கள். இருபதாம் தேதி செயலாளரின் வெள்ளைக் காலணியில் யாரோ சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். அவரே திருப்புளியோடு வந்து, தகரப் பலகையைக் கழற்றி, "படிக்கட்டை" என்பதற்குக் கீழே இருந்த சொல்லை அடித்து, "பயன்படுத்தக் கூடாது" என்று மையால் எழுதி, படிக்கட்டு வாசலில் மாட்டினார். மேலே போக இருப்பது இரண்டு வழி. ஒன்று படிக்கட்டு, இன்னொன்று நான்.

முதலில் வந்தது பல் டாக்டர் வீட்டுச் சமையற்காரம்மா. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "ஏறுங்கம்மா" என்றேன். ஏறவில்லை.

"என்னண்ணே, ஏதாவது சோதனையா? ஏறினதும் செயலாளரைக் கூப்பிட்டுப் புடிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

"செயலாளர் போட்ட உத்தரவுதாம்மா. ஏறுங்க."

ஏறினார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். பதினோராம் மாடி வந்ததும் இறங்காமல் நின்றார். "பதினோரு வருஷமா வர்றேன். மூச்சு வாங்காம ஒரு நாளாவது அடுப்பு பத்த வச்சிருப்பேனா? அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றார். நோட்டில் ஒரு கோடு போட்டேன்.

அதன்பிறகு நோட்டு நிரம்பியது. துணி வெளுப்பவர், தரை துடைப்பவர்கள், தண்ணீர் கேன் போடுபவர், பொட்டலம் கொண்டுவருபவர்கள் என்று நாளொன்றுக்கு நூற்று எண்பது. டாக்டர் நுரை தள்ளி வீடு சேரும்போது சமையற்காரம்மா அலுங்காமல் நலுங்காமல் கதவைத் திறந்து, "என்ன டாக்டர், இப்படி வேர்த்துக் கொட்டுது? உக்காருங்க, தண்ணி குடிங்க" என்பாராம். டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் நடிகை படியேறும்வரை அவரால் லிஃப்டில் ஏறவும் முடியவில்லை.

மாதக் கூட்டத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போனேன். செயலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் வேலைக்காரங்க ட்ரிப்பாச்சேப்பா. இது கணக்குல வராது. குடியிருக்கிறவங்க ட்ரிப் எத்தனை?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். "அதுல நாய் ஆறு" என்று ஒருவர் எழுந்தார். மூன்றாம் மாடி அம்மாளுக்கு வந்ததே கோபம்! "அது இங்க குடியிருக்கலையா? நீங்க வர்றதுக்கு முந்தியே அது வந்தாச்சு" என்றார். நாயைச் சேர்ப்பதா கூடாதா என்று இருபத்தைந்து நிமிடம் விவாதம் நடந்தது. கடைசியில் கை தூக்கச் சொல்லி, நாயைச் சேர்ப்பதென்று முடிவானது. சமையற்காரம்மாவைச் சேர்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அத்தான். நாயைச் சேர்த்தும் பதினொன்றுதான். அடுத்த மாதக் கடைசியோடு என் பதவி ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேர் முழங்காலைத் தடவிக்கொண்டேதான் போட்டார்கள். அன்றைக்குத்தான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

பத்து நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு, நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. நடிகையம்மா. வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தது.

"அண்ணே, இது நடுவுல நின்னு போனதுண்டா?"

"பத்தொன்பது வருஷத்துல நாலு தடவம்மா. அதிகபட்சம் ஒன்பது நிமிஷம்."

ஒன்பது நிமிடம் என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொன்னது தப்போ என்று பட்டது. பிறகுதான் விஷயம் வந்தது. ஏழு வயதில் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஒரு மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டாராம். அதிலிருந்து எந்த லிஃப்டிலும் ஏறியதில்லை.

"அப்போ உடற்பயிற்சி இல்லையா?" என்றேன்.

"உடற்பயிற்சியா? யார் சொன்னா? ஒன்பது மாடி ஏறி இறங்கி முழங்கால் போச்சுண்ணே. ரெண்டு மாசம் படியே ஏறக் கூடாதுன்னுட்டார் எலும்பு டாக்டர்."

"அஞ்சாம் மாடில நின்னு வெளிய பார்ப்பீங்களே?"

"அதுக்கு மேல ஏற முடியாம அழுகை வரும். யாரும் பாக்கக் கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்."

நான் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. சிரிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்துக்குச் சமையற்காரம்மாவும் வேலைக்கு வந்து சேர்ந்தார். சங்கதியைக் கேட்டதும், யோசிக்காமல் நடிகையின் கையைப் பிடித்தார். "அட, இதுக்கா? கண்ணை மூடிக்க தாயி. இந்தக் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால புடி, என்னை ஒரு கையால புடி. அண்ணே மாடியை எண்ணிக்கிட்டே வருவாரு. எண்ணுங்கண்ணே!" நான் பொத்தானை அழுத்தி, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினேன். ஐந்து என்றபோது நடிகையம்மா சமையற்காரம்மாவின் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் உடைந்தது. "உடைஞ்சா உடையட்டும். நீ கண்ணைத் திறக்காதே" என்றார் அவர். ஒன்பது வந்தது. கதவு திறந்தது. எதிரே படிக்கட்டுத் திருப்பத்தில் பல் டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தன் வீட்டுச் சமையற்காரம்மாவும் நடிகையும் கைகோத்துக்கொண்டு, நடிகை கண்ணை மூடியபடி, லிஃப்டிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். அலைபேசியை எடுத்தார்.

அன்று மாலைக்குள் லிஃப்ட் வாசலில் கூட்டம். எல்லோருக்கும் கம்பி வேண்டும், எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நான் எண்ண வேண்டும். இது ஏதோ மூச்சுப் பயிற்சி, மனதுக்கு அமைதி என்று குழுவில் வந்துவிட்டதாம். அதோடு முடியவில்லை. நடிகை சமையற்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாரல்லவா, அதனால் இவர்களுக்கும் பிடித்துக்கொள்ள வேலையாள் ஒருவர் வேண்டும். அத்தான், செயலாளர் தரை துடைக்கும் அம்மாவிடம், "கொஞ்சம் கூட வாங்கம்மா, ஆறாவது வரைக்கும்தான்" என்று கெஞ்சியதை நான் இந்தக் காதால் கேட்டேன். அந்த அம்மா, "இருங்க சார், கை ஈரமா இருக்கு, துடைச்சுட்டு வர்றேன்" என்றார். "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்றார் அவர். இப்போது அந்த லிஃப்டில் கண்ணைத் திறந்துகொண்டு போவது நானும் வேலைக்கு வருகிறவர்களும் நாயும்தான்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டால் பொத்தானை அழுத்துவது யார்? இது சங்கத்துக்கே தோன்றிவிட்டது. போன ஞாயிறு அவசரக் கூட்டம் போட்டு, என் பதவி ரத்தானதை ரத்து செய்தார்கள். தகரப் பலகையும் போய்விட்டது. அது இருந்த அதே நான்கு ஆணி ஓட்டையில், "நமது குடியிருப்பில் அனைவரும் சமம்; இது நமது நெடுநாள் கொள்கை" என்று செயலாளர் புதுப் பலகை மாட்டியிருக்கிறார். சமையற்காரம்மா அதை நின்று படித்தார். "நெடுநாள்னா எத்தனை நாள்ணே?" என்றார். நோட்டைப் பார்த்து, "நாலு நாளம்மா" என்றேன்.

அன்று மாலை மனைவி கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தாள். வாயும் திறந்தது, மூன்று வாரம் பேசாததைச் சேர்த்து வைத்துப் பேசினாள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மகள் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள். நேற்று கடைசித் தேர்வு எழுதினாள், நன்றாகச் செய்திருப்பதாகச் சொல்கிறாள். நேற்றைய கோடு முந்நூற்றுப் பன்னிரண்டு. இதுவரை இல்லாத எண்ணிக்கை.

ஆகவே கிடங்கு முதலாளியிடம் தாமதிக்காமல் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தைத் தேவைப்படும் வேறு யாருக்காவது கொடுக்கட்டும். இனி எனக்கு அசைவில்லை. அக்காவுக்கு என் வணக்கம், மருமகப் பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் ஒரு தடவை இங்கே வந்து போங்கள். பன்னிரண்டு மாடியும் நானே சுற்றிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
லிஃப்ட் ஆபரேட்டர் (நிரந்தரம்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இதைச் சேர்க்கிறேன். இன்று காலை ஏழு இருபதுக்கு, நான்காம் மாடியைத் தாண்டும்போது, நடிகையம்மா ஒரு கண்ணைத் திறந்துவிட்டார். இடது கண். "அட, இவ்வளவுதானா?" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் நின்ற செயலாளர் அதைப் பார்த்துவிட்டார். கண்ணை மூடியிருந்தவர் எப்படிப் பார்த்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். மத்தியானத்துக்குள் ஏழு பேர் ஒற்றைக் கண்ணோடு வந்தார்கள். அதில் டாக்டர் தன் மாடிப் பொத்தானைத் தானே அழுத்திவிட்டார். கிடங்கு முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லையென்றால் கொஞ்ச நாள் சொல்லாமலே இருங்கள். பயம் ஒன்றுமில்லை. வலது கண் இன்னும் மூடித்தான் இருக்கிறது.