குடும்பமாகச் செய்த தெரு

நம் பினாங்கில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். தனக்கென்று ஒரு பொழுதுபோக்கும் வைத்துக்கொள்ள மாட்டார். சீட்டாட்டமா, சீ. குதிரைப் பந்தயமா, பேசவே வேண்டாம். எதைச் செய்தாலும் மனைவி மக்களோடு கூடிச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைப்படி அவர் செய்வார். மனைவி மக்கள் கூடி நிற்பார்கள். பூச்செடி வைத்தால் அவர் நடுவார், குடும்பம் தண்ணீர் சுமக்கும். படம் பிடித்தால் அவர் பிடிப்பார், குடும்பம் வெயிலில் கண்கூசி நிற்கும். எல்லாம் முடிந்ததும் வாசலுக்கு வந்து, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு, "நாங்களே சேர்ந்து செய்தது" என்பார். "நாங்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை பேரைச் சும்மா உட்கார வைக்கலாம் என்பது இலக்கணம் எழுதினவர்களுக்கே தெரிந்திருக்காது.

இந்த வகையில் நான் நெருங்கிப் பார்த்தவர் கந்தப்பர். யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மனைவி யோகம்மா, ஒரே மகள் பதினொரு வயதுப் பத்மாவதி. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஆகையால் நான் சொல்லப்போவதில் பாதி கண்டது, பாதி காதில் விழுந்தது.

முப்பத்து நாலாம் வருஷம் என்று ஞாபகம். அவருடைய துரை படித்துவிட்டுப் போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் கந்தப்பர் ஒரு படம் பார்த்துவிட்டார். புத்தக அலமாரியில், இரண்டு புத்தகங்களுக்கு நடுவே, இன்னொரு புத்தகத்தைப் போலச் செருகி வைக்கிற ஒரு சின்னத் தெரு. அகலம் அரைச் சாண். உள்ளே எட்டிப் பார்த்தால் வீடுகள், சன்னல்கள், விளக்குக் கம்பம், எல்லாம் விரல் உயரத்தில். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் செய்ததாம். தகப்பன் சுவர் வெட்டினானாம், தாய் திரை தைத்தாளாம், பிள்ளைகள் வர்ணம் பூசினார்களாம். இதில் தகப்பன் சுவர் வெட்டினான் என்பது வரைக்கும் கந்தப்பர் கவனமாகப் படித்தார்.

அன்று மாலையே குடும்பத்தைக் கூட்டினார்.

"இனி ஞாயிற்றுக்கிழமை எண்டால் நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்திருந்து ஒரு வேலை செய்யப் போறம். பினாங்குத் தெரு ஒண்டு, எங்கடை அலுமாரிக்குள்ளை."

பத்மாவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் என்ன செய்யிறது அப்பா?"

"எல்லாருக்கும் வேலை இருக்கு."

முதல் வேலை அலமாரியில் இடம் பண்ணுவது. துரை கொடுத்த தடித்த அகராதிகள் இரண்டு இருந்தன. பொன் எழுத்து, தோல் அட்டை, யாரும் திறந்ததில்லை. அவை தெருவுக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கத் தகுந்தவை என்று தங்கின. யோகம்மா தினமும் படிக்கிற தேவாரமும், பத்மாவதியின் பள்ளிக்கூடப் புத்தகங்களும் அரிசிப் பெட்டி மேல் குடியேறின. புத்தக அலமாரியை அழகு செய்ய வேண்டுமென்றால் படிக்கிற புத்தகங்கள் வெளியேறத்தானே வேண்டும்?

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. சுருட்டுப் பெட்டிப் பலகையில் கடைவீடுகள். சாத்தே இறைச்சி கோக்கிற மூங்கில் குச்சிகளைப் பிளந்து ஓட்டுக் கூரை. சிகரெட்டுப் பெட்டி வெள்ளித்தாளில் சாக்கடைத் தண்ணீர். சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக வைத்து ஒரு ரிக்ஷா. கடைகளுக்கு முன்னால் நம் ஊர் ஐந்தடி நடைபாதை, தூண் தூணாக. மனிதர் கை கெட்டிக்காரக் கைதான், அதை நான் மறுக்கவில்லை. தட்டாரிடம் வாங்கின இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, ஒரு சன்னல் கதவை ஒட்ட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

குடும்பம் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? யோகம்மா மரவள்ளி மாவில் பசை காய்ச்சினாள். தண்ணீராயிருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி காய்ச்சினாள். பத்மாவதி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"தொடாதை பிள்ளை. கிட்டப் போகாதை. கையை எடு. மூச்சு விடாதை, கூரை பறக்கும்."

"நான் இந்தக் கதவுக்குப் பச்சை பூசட்டே அப்பா?"

"அடுத்த கிழமை."

அடுத்த கிழமை கதவு பச்சையாகத்தான் இருந்தது. சனிக்கிழமை மாலையே அவர் பூசிவிட்டார், பிள்ளைக்குச் சிரமம் வேண்டாமென்று.

தைப்பூசம் வந்தது. பினாங்கில் கைகால் உள்ளவர்களெல்லாம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற நாள். யோகம்மாவுக்கு நேர்த்திக்கடன் வேறு. போன வருஷம் பத்மாவதி காய்ச்சலில் கிடந்தபோது பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கந்தப்பருக்கோ அன்றுதான் தெருக்கோடியில் டார்ச் பல்பு பொருத்துகிற முகூர்த்தம். பல்பைப் பிடிக்க ஒருவர், கம்பியைப் பிடிக்க ஒருவர்.

"குடும்பமாய்ச் செய்யிற வேலையை நடுவிலை விட்டிட்டுப் போகலாமோ?" என்றார்.

யோகம்மா பால்குடத்தை மூலையில் வைத்துவிட்டு வந்து கம்பியைப் பிடித்தாள். குடத்தை வைத்த சத்தம் பலகைச் சுவரைத் தாண்டி எனக்கே கேட்டது. மறுநாள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தானே போய்ப் பாலை ஊற்றிவிட்டு வந்தாள். திருவிழா முடிந்து, வழியெல்லாம் உடைந்த தேங்காய்ச் சில்லுகளைக் கூலிக்காரர்கள் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்களாம். கந்தப்பர் அவர்களை வரவேற்று, பல்பு எரிவதைக் காட்டினார்.

சித்திரையில் எங்கள் வாசகசாலையின் ஆண்டு விழா. அதில் கைவேலைப் போட்டி, குடும்பங்களுக்கு ஒரு பிரிவு, தனியாட்களுக்கு ஒரு பிரிவு. கந்தப்பர் தெருவை வேட்டியில் சுற்றி, மடியில் வைத்து, ரிக்ஷாவில் கொண்டுவந்தார். மனைவியும் மகளும் பின்னால் நடந்து வந்தார்கள். மேசையில் வைத்து, "கந்தப்பு குடும்பத்தினர்" என்று அட்டை எழுதி, மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். பக்கத்து மேசையில் பழனியப்பன் வீட்டார் செய்த கோயில் இருந்தது. நாலு பிள்ளைகள் நாலு நிறம் பூசி, கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. கந்தப்பர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்காதது போல் இருந்துகொண்டார்.

நடுவராக வந்தவர் காகிதக் கடை முகம்மது கனி. குனிந்து, ஒரு கண்ணை மூடி, தெருவுக்குள் வெகு நேரம் பார்த்தார். கந்தப்பர் மார்பு நிமிர்ந்தது.

"ரொம்ப நல்லாருக்கு அண்ணே. ஓடுகூட எண்ணலாம் போலிருக்கு. யார் யார் என்ன செஞ்சீங்க?"

"எல்லாம் நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து."

"அது சரி. நீ என்னம்மா செஞ்ச?" என்று பத்மாவதியிடம் கேட்டார்.

பத்மாவதி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினார். பிள்ளை யோசித்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நான் மூச்சு விடாமல் இருந்தன்," என்றாள்.

முகம்மது கனிக்கு விளங்கவில்லை. "வேற ஏதாச்சும் சொல்லு லா," என்றார் நம் ஊர்ப் பேச்சில்.

"விளக்குப் பிடிச்சன். பிறகும் மூச்சு விடேல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பிள்ளை பகிடி விடுறாள்," என்று கந்தப்பரும் சிரித்து வைத்தார். நடுவர் யோகம்மாவைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பசை காய்ச்சினன். அது வீட்டிலை எதுக்கு வேணுமெண்டாலும் காய்ச்சிறதுதான்."

முகம்மது கனி நியாயமான மனிதர். "குடும்பத்தினர்" என்பதை அடித்துவிட்டு அட்டையைத் தனியாட்கள் மேசைக்கு மாற்றினார். அந்தப் பிரிவில் முதல் பரிசு கந்தப்பருக்கே. குடும்பப் பரிசு சாய்ந்த கோபுரத்துக்குப் போயிற்று. கந்தப்பர் மேடையேறி, வெள்ளிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, இது தன் குடும்பத்தின் கூட்டு முயற்சிக்குக் கிடைத்த பரிசு என்று கால் மணி நேரம் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. யோகம்மாவும் தட்டினாள்.

ஆனால் மகள் சொன்ன வார்த்தை கந்தப்பருக்கு உள்ளே போய்த் தைத்திருக்க வேண்டும்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கந்தப்பர் குரல், கொஞ்சம் தணிந்து, கேட்டது.

"பத்மா, புதுசாய் ஒரு படிக்கட்டு வைக்கப் போறம். நீ ஒட்டு. நான் விளக்குப் பிடிக்கிறன்."

நான் கூச்சத்தை விட்டுச் சன்னல் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பத்மாவதி நாற்காலியில், இடுக்கி அவள் கையில். தகப்பன் நின்றுகொண்டு விளக்குப் பிடிக்கிறார். முதல் படி கோணலாக ஒட்டியது. அவர் தொண்டையைக் கனைத்தார். இரண்டாவது படி இன்னும் கோணல். அவர் நெற்றியில் வேர்வை. ஏழு நிமிஷம் தாங்கினார். தன் வாழ்நாளில் அவர் அதைவிடப் பாடுபட்டதை நான் பார்த்ததில்லை.

"இஞ்சை தா பிள்ளை, எப்பிடி எண்டு மட்டும் காட்டித் தாறன்."

பத்மாவதி இடுக்கியைக் கொடுத்தாள். கோபமில்லை, அழுகையில்லை. எழுந்து, விளக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, எதிர்வீட்டுச் சலேஹாவோடு கயிறு தாண்டப் போய்விட்டாள். கந்தப்பர் படிகளைப் பிரித்து, சுரண்டி, மறுபடி ஒட்டினார். ஒன்பது படி. நூல் பிடித்தது போல நேர்.

"பாத்தியா பத்மா, நாங்கள் எவ்வளவு வடிவாய்ச் செய்திருக்கிறம்," என்று திரும்பினவர் நாற்காலியைப் பார்த்தார். அதில் யாருமில்லை. வெளியே கயிறு தரையில் அடிக்கிற சத்தம். இடுக்கியைக் கீழே வைத்தார். வாசல்வரை போனார். மகள் எண்ணிக்கொண்டே குதிப்பதை, தலை கலைந்து மூச்சிரைக்கச் சிரிப்பதை, கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கூப்பிட வாய் எடுத்தார். கூப்பிடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். ஏழாவது படி ஒரு மயிரிழை விலகியிருந்தது. அதைச் சரி செய்தார்.

கந்தப்பரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த தெருவுக்குப் பலகை வாங்கப் போயிருக்கிறார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவார். தோட்டத்தையோ, கூண்டையோ, கூடத்துப் படத்தையோ காட்டி, "இது நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது" என்பீர்கள். அப்போது விருந்தாளி முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரி சரியாக அந்த நேரத்தில் காப்பி போட எழுந்து உள்ளே போகிறாளா என்று பாருங்கள்.