பதினோரு துண்டு வளையம்

பன்னிரண்டு துண்டுகளையும் ஒட்டியாகிவிட்டது. வளையம்தான் மூடவில்லை.

ஆர்விட் ஹௌகன் அதை கராஜ் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுப்பு வால்நட் ஒன்று, வெளிர் மேப்பிள் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஆப்பு வடிவில் வெட்டி ஒட்டிய குட்டி மரத் துண்டுகள். துண்டுக்கு இரண்டு வெட்டு; ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி குறைந்திருந்தது. அரை டிகிரி என்ன பெரிய விஷயம் என்பவர்கள் அதை இருபத்து நான்கு தடவை கேட்க வேண்டும். கடைசித் துண்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவே ஒரு அரிசி தாராளமாக நுழைந்தது.

அன்று வியாழன். சனிக்கிழமை கண்காட்சி. அதற்குள் அந்த வளையம் ஒரு பேனாவின் கழுத்தில் ஏறியாக வேண்டும்.

காரணம், அக்டோபரில் மாதா கோயில் நிலவறையில் நடந்த மரக்கடைசல் சங்க விருந்து. மூன்றாவது தட்டு கேசரோலுக்குப் பிறகு ஆர்விட் எழுந்து சபதம் செய்தார்.

"இந்த வருஷமும் என் பேனாவுக்குப் பரிசு ரிப்பன் கிடைக்கலைன்னா மரம் கடையற லேத்தை வித்துடறேன். கராஜ்ல மார்லிஸ் காரை நிறுத்திக்கட்டும். நான் வீட்டுக்குள்ளயே அவ பக்கத்துல இருந்துடறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி மார்லிஸ் மட்டும் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார். நாற்பது வருட அன்பு, பாவம், தாங்க முடியவில்லை என்று ஆர்விட் புரிந்துகொண்டார்.

அன்புக்குக் காரணம் இருந்தது. தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு மாதம் முழுக்க வீட்டிலேயே இருந்து மனைவிக்கு உதவியவர் அவர். சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். துணி மடிப்பதில் இருந்த தவறுகளைக் குறித்துக் கொடுத்தார். மார்லிஸ் தொலைபேசியில் பேசும்போது பக்கத்தில் நின்று விடுபட்ட விவரங்களைச் சேர்த்தார். அதில் நெகிழ்ந்துதான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு மார்லிஸ் அவருக்கு லேத் வாங்கிக் கொடுத்தார். கராஜையும் கொடுத்தார். மூன்று குளிர்காலமாக மார்லிஸின் கார் வெளியே பனியில் நிற்கிறது. தினமும் காலையில் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்புவார். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

இப்போது அந்த லேத்துக்கே ஆபத்து.

ஆர்விட் இடைவெளியில் சட்டென ஒட்டும் பசையை ஊற்றி இரண்டு விரலால் அழுத்தினார். பசை பெயருக்கேற்றபடி நடந்துகொண்டது. வளையம் மூடவில்லை, விரல்கள் மூடிக்கொண்டன.

மார்லிஸ் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தோடு ஓடி வந்தார்.

"அசையாதே. விரல் முக்கியமா, வளையம் முக்கியமா?"

"இதென்ன கேள்வி?" என்றார் ஆர்விட்.

"சரி, வளையத்தை முதல்ல காப்பாத்தறேன்" என்றார் மார்லிஸ். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்?

விரல் பிழைத்தது. வளையம் பன்னிரண்டாகப் பிரிந்து தரையில் உருண்டது. அதை மறுபடி வெட்டலாம் என்றால் மேப்பிள் தீர்ந்துவிட்டது. கடை இருப்பதோ நாற்பது மைலில், வெளியே பனி. மார்லிஸ் உள்ளே போய்த் தன் அம்மாவின் மாவுருட்டும் கட்டையை எடுத்து வந்து நீட்டினார். நல்ல பழைய மேப்பிள்.

"அறுத்துக்கோ."

"உங்கம்மாவோடதாச்சே."

"அம்மா புரிஞ்சுப்பாங்க. அப்பாவும் ரிட்டயர் ஆனவர்தான்."

இந்தத் தடவை கோணம் குறையக் கூடாது என்று ஆர்விட் ரம்பத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். கொஞ்சம் என்பது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பதினோராவது துண்டிலேயே வளையம் அழகாக மூடிக்கொண்டது. பன்னிரண்டாவது அவர் உள்ளங்கையில் அநாதையாகக் கிடந்தது. பதினொன்று ஒற்றைப்படை. வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று சுற்றி வந்த வரிசை முடிகிற இடத்தில் இரண்டு வெள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, முன்பல் மாதிரி இளித்தன.

அதை மறைக்கத்தான் கிளிப் இருக்கிறதே. வளையத்தைப் பேனாவின் கழுத்தில் வைத்துக் கடைந்தார். கிளிப்பை அந்த இரு வெள்ளைகளுக்கு நேராகத் திருப்பி, பிடிக்கருவியில் வைத்து நெரித்தார். கிளிப் அசையாமல் உட்கார்ந்தது. பேனாவும் அசையாமல் உட்கார்ந்தது. எவ்வளவு திருகியும் முள் வெளியே வரவில்லை.

ஆக, சனிக்கிழமை காலை ஆர்விட் கண்காட்சிக்குக் கொண்டுபோனது, எழுதாத பேனா.

நடுவர் யூனிஸ் கண்டிப்புக்குப் பேர்போனவர். பக்கத்து மேஜையில் ஒரு கிண்ணத்தை உருப்பெருக்கியால் அரை மணி நேரம் துருவி, ஒட்டில் மயிரிழை தெரிகிறது என்று ஒதுக்கினார். ஆர்விட் தன் பேனாவை ஒரு தடவை துடைத்து வைத்தார். மனத்துக்குள் லேத்திடம் விடைபெற்றுக்கொண்டார்.

யூனிஸ் வந்தார். உருப்பெருக்கியைப் பைக்குள் போட்டார். பேனாவைத் தொடாமல் தலையை ஆட்டினார்.

"பதினோரு துண்டு வளையம். இந்தப் பிரிவுல முதல் பரிசு."

அப்படி ஒரு பிரிவு இருப்பதே ஆர்விட்டுக்குத் தெரியாது. அதில் அவர் ஒருவர்தான் போட்டியாளர் என்பது அவர் கண்ணில் படவில்லை. சான்றிதழில் பெயரெழுத யூனிஸ் தன் சொந்தப் பேனாவை எடுத்ததும் உறுத்தவில்லை. பரிசு ரிப்பன் பச்சை நிறம். வீட்டில் கிறிஸ்துமஸ் பொட்டலங்களில் மார்லிஸ் கட்டுகிற அதே பச்சை. நல்ல ரசனையுள்ளவர்களுக்கு ஒரே நிறம்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

மார்லிஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் பதிமூணு துண்டு" என்று ஆர்விட் அறிவித்தபோது எழுந்து நின்றே கை தட்டினார்.

ஆர்விட் ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு, காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ரோலண்டிடம் போனார். ரோலண்ட், யூனிஸின் கணவர்.

"உன் வீட்டம்மா லேசுல மயங்கற ஆளில்லையே ரோலண்ட். வளையத்துல எது அவங்களைக் கவுத்தது? வால்நட்டா, மேப்பிளா?"

ரோலண்ட் கோப்பையை நிரப்பி நீட்டினார்.

"எலுமிச்சை கேக்குப்பா. மார்லிஸ் நேத்து மூணு சுட்டுக்கொண்டு வந்து, 'என் கார் ஆயுசுக்கும் பனியில கிடக்கட்டும், அந்த மனுஷனை மட்டும் வீட்டுக்குள்ள அனுப்பிடாதீங்க'ன்னு அழுதாளே, உன்கிட்ட சொல்லலையா?"