முடியாது பயிற்சி

அடுத்தவரை மேலே தூக்கிவிடுவதையே தொழிலாகக் கொண்ட லிஃப்ட் கம்பெனி அது. அங்கே வேலை பார்த்த அவரை மட்டும் சேர்ந்த நாளிலிருந்து தரைத்தளத்திலேயே வைத்திருந்தது. வேலை, போனில் புகார் கேட்பது. ஊரில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இவரைத்தான் திட்டுவார்கள். ஆபீசில் அவர் பெயரே புகார் சார்தான்.

மேனேஜர் நாற்காலி காலியானபோது அது தனக்குத்தான் என்று நம்பினார். முதலாளியின் மருமகன் வந்து உட்கார்ந்தான். மறுநாளிலிருந்து அந்த 'அவன்' இவருக்கு 'அவர்' ஆகிவிட்டான். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மட்டும் இவருக்குக் கிடைத்தது. அன்றைக்குப் புகார் சார் சாப்பாட்டைத் தொடவில்லை. இந்த போன் மேஜையிலேயே தன் ஆயுசு முடிந்துவிடும் என்று நிஜமாகவே பயந்தார்.

அந்தப் பயத்தில்தான் ஞாயிறுதோறும் லிஃப்ட் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்தார். மோட்டாரைப் பிரித்துப் பூட்டும் அந்த நேரம்தான் அவருக்கு வாரத்திலேயே மூச்சு விடும் நேரம். சான்றிதழ் கைக்கு வந்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம்.

அதற்கும் வந்தது வினை. இனி ஞாயிற்றுக்கிழமையும் புகார்ப் பிரிவு உண்டு, யார் வருவதென்று அடுத்த திங்கள் முடிவு செய்யலாம் என்றார் மேனேஜர். சொல்லும்போது இவரைத்தான் பார்த்தார். ஞாயிறு போனால் வகுப்பு போச்சு. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மேலதிகாரி முன்னால் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

வீட்டில் சொல்லிப் பழகுவதென்று தீர்மானித்தார். காரணத்தை மனைவியிடம் சொல்லவில்லை. நேற்று வந்த பொடியனைக் கண்டு பயம் என்று எந்தப் புருஷன் தன் வாயால் சொல்வான்?

"ஏங்க, இந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வைக்கறீங்களா?"

"முடியாது."

அந்தக் குரல் அவருக்கே பிடித்திருந்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் ஒருத்தியா கிடந்து அல்லாடறதை உங்களால பார்த்துட்டு உட்கார்ந்திருக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப வந்து மடிங்க."

மடித்தார்.

வாரம் முழுக்க இதே கதை. குப்பை கொட்ட முடியாது என்றார். இந்த நாற்றத்தில் படுக்க முடியுமா என்று கேட்டாள். கொட்டிவிட்டு வந்தார். ஒட்டடை அடிக்க முடியாது என்றார். உங்களைத் தவிர யாராலாவது அவ்வளவு உயரம் எட்ட முடியுமா என்றாள். ஏணியில் ஏறினார். அவர் முடியாது முடியாது என்று சொல்லச் சொல்ல, வீடு பளபளவென்று ஆகிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவருக்குத் திருப்திதான். வாய் நன்றாகப் பழகிவிட்டது. 'முடியுமா' என்று யார் கேட்டாலும் பதில் தானாக வந்து விழுந்தது.

திங்களன்று மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். இவர் 'முடியாது' என்ற வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று அவர் சொல்லவே இல்லை.

"சார், திட்டறவங்ககிட்ட உங்களை மாதிரி பொறுமையா வேற யாராலயாவது பேச முடியுமா?"

"முடியாது."

"அவங்களை லிஃப்டுக்குள்ள தவிக்க விட்டுட்டு உங்களால வீட்டுல இருக்க முடியுமா?"

"முடியாது."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப ஞாயித்துக்கிழமை வந்துடுங்க."

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

மாலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தன் பயத்தைச் சொன்னார். பயிற்சியின் காரணத்தைச் சொன்னார். வகுப்பு கைவிட்டுப் போனதையும் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் செத்துப்போனது.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நேத்து நீங்க வகுப்புல இருந்தப்ப உங்க மேனேஜர் வீட்டுக்கு போன் பண்ணினார். எந்த நாள்னு சொல்லாம, கூடுதலா புகார் கேக்க உங்களை எப்படிச் சம்மதிக்க வைக்கறதுன்னே தெரியலம்மான்னு பாவமா கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு கேள்வி சொல்லிக் கொடுத்தேன்."