என்னைக் கண்டு ஏன் ஓடவில்லை?

பென்ஷன் வாங்குகிறவர்களில் பல வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். உத்தியோகம் முடிந்த மறுநாளே பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு கோயிலே கதியென்று கிடப்பவர் ஒரு வகை. மருமகள் குழம்புக்கு எத்தனை மிளகாய் கிள்ளிப் போடுகிறாள் என்று அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் இன்னொரு வகை. இவர்களெல்லாம் சாதுக்கள். நான் சொல்லப்போவது மூன்றாவது வகை. இவருக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும், முழங்கால் வலி கிடையாது, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். இவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

சிரிக்காதீர்கள். வாழ்நாளெல்லாம், தாம் வருவதைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறவனையும், தோள் துண்டை இடுப்புக்கு இறக்குகிறவனையும், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விழுங்குகிறவனையும் பார்த்தே பழகிய கண்களுக்கு, ஒரு நாள் காலையில் எல்லோரும் சும்மா சாதாரணமாக நடமாடுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? உலகம் கெட்டுப்போய்விட்டது என்றுதானே தோன்றும்?

வல்லத்திராக்கோட்டை ஆத்மநாதனுக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆத்மநாதன் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஊர் ஊராகப் போய் அம்மை குத்தும், அதாவது பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து ஏற்றும், உத்தியோகம் பார்த்தவர். அதை லேசாக எண்ணிவிடாதீர்கள். தாசில்தார் வந்தால் ஜனங்கள் கைகட்டி நிற்பார்கள். போலீஸ்காரர் வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். நிற்பதோடு சரி. ஆத்மநாதன் வந்தால் மட்டும்தான் ஓடுவார்கள். காக்கிக் கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக அவர் முன்னே வர, கத்தியும் மருந்தும் வைத்த பெட்டியோடு பியூன் பிச்சைமுத்து பின்னே வர, அந்தக் குடை கண்மாய்க் கரையில் தலைகாட்டியதுமே, மாடு மேய்க்கிறவன் யாராவது, "அம்மை குத்துற ஐயா வாராருடோய்!" என்று ஒரு குரல் கொடுப்பான். அவ்வளவுதான். தாய்மார்கள் பிள்ளைகளை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு சோளக்கொல்லைக்குள்ளும் நெல் குதிருக்குள்ளும் புகுந்துகொள்வார்கள். எல்லையோரத்து ஊர்க்காரர்கள் அறந்தாங்கிப் பக்கம் நடந்து, சமஸ்தானத்தைத் தாண்டி வெள்ளைக்காரன் ஆளும் சீமைக்கே போய்விடுவார்கள். அரிமளத்தில் ஒரு முறை சிலம்பம் ஆடும் வாட்டசாட்டமான ஆள் ஒருவர் புளியமரத்தில் ஏறியவர் பொழுது சாய்ந்துதான் இறங்கினார். வெறிச்சோடிப்போன தெருவின் நடுவில் நின்று ஆத்மநாதன் மீசையை முறுக்குவார்.

"என்ன மரியாதை பாத்தியாடா, பிச்சைமுத்து!"

மரியாதை! அவர் அதற்கு வைத்திருந்த பெயர் அதுதான்.

ஐம்பத்தைந்து வயதில் மாலை போட்டார்கள். இரண்டு பேர் பேசினார்கள். ஆத்மநாதன் வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே கோட்டை மாட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, மேலத்தெருவில் ஒரு நடை போனார். யாரும் ஓடவில்லை. காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த சேவுகன், "வாங்கய்யா, காத்தாட நடையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் காப்பியை ஆற்றிக் குடித்தார். அது போகட்டும். தெருப்புழுதியில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அவரை அண்ணாந்து பார்த்தது, எழுந்தது, தள்ளாடி வந்து அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

விரலை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"வெரலைப் பிடிக்குதுடி! என் வெரலை!"

அவர் மனைவி சொர்ணவல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பிடிச்சா என்ன? கடிச்சுச்சா?" என்றாள்.

அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு பிடிக்கவில்லை. சொந்த ஊர்தானே, பழகின முகம், அதனால்தான் துளிர்விட்டுப் போயிற்று என்று தம்மையே சமாதானம் செய்துகொண்டு, ஒரு நாள் பஸ் ஏறி அரிமளம் போனார். அங்கே ஒரு வீட்டு வாசலில் நெல் காயப்போட்டிருந்த பெண்பிள்ளை இவரைப் பார்த்தாள். பார்த்ததும் போட்டது போட்டபடி எழுந்து உள்ளே ஓடினாள். ஆகா! ஆத்மநாதனுடைய நெஞ்சு நிமிர்ந்தது, கை தானாக மீசைக்குப் போனது. போன கை இறங்குவதற்குள் அவள் ஒரு செம்பு மோரோடு திரும்பி வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்களே, குடிங்கய்யா. முன்னைக்கு இப்ப எளைச்சிட்டீங்க."

விஷம் குடிப்பதுபோல அந்த மோரைக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார்.

"முப்பது வருசம் உசிரைக் குடுத்து ஒழைச்சேன். ஒரு நன்றி இருக்கா, சொர்ணம்? ஒரு பய ஓட மாட்டேங்கிறான்."

"அவங்களும் எத்தனை வருசந்தான் ஓடுவாங்க? பயந்த உத்தியோகத்துலருந்து அவங்களும் பென்ஷன் வாங்கிட்டாங்கன்னு வச்சுக்கங்க" என்றாள் சொர்ணவல்லி. அந்த அம்மாளுக்கு இப்படித்தான் ஆறுதல் சொல்ல வரும்.

அடுத்த பங்குனியில், கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் பெரியம்மை கண்டது. வாசல்களில் வேப்பிலை ஏறிற்று. இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. ஆத்மநாதன் இடத்துக்கு வந்திருந்த புது ஆள் செபமாலை, சைக்கிளில் வந்து இறங்கினான். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். மீசைகூடச் சரியாக வளராத முகம். வீடு வீடாகப் போய், "அம்மா, கொஞ்சம் கதவைத் தெறங்கம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று கெஞ்சினான். யாரும் ஓடவில்லை. "நல்லா இருக்கீங்களா தம்பி? நாளைக்கு வாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவன் குழந்தைகளைக் கேட்டால், மாமன் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரையும் தாய்மாமன்மார் அழைத்துப்போய்விட்டார்கள்!

பல நாள் கழித்து ஆத்மநாதன் அன்றைக்குத்தான் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஆளைப் பாத்ததும் ஊரே கலகலத்துப் போகணும். இவனும் ஒரு அம்மை குத்துறவனா?"

பேசிக்கொண்டிருக்கும்போதே செபமாலை அவர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"ஐயா, நீங்கதான் கை குடுக்கணும். உங்க பேச்சுக்கு ஊரு கட்டுப்படும்னு சொன்னாங்க. எல்லாரும் பாக்க நீங்க மொதல்ல குத்திக்கிட்டீங்கன்னா, மத்தவங்க தன்னால வருவாங்க."

"பேஷா! அதுக்கென்ன? ஒக்காருங்க தம்பி. சட்டையைக் கழட்டிட்டு வாரேன்" என்று ஆத்மநாதன் உள்ளே போனார். கூடத்தைத் தாண்டினார். அடுப்பங்கரையைத் தாண்டினார். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

ஆமாம், ஓடினார். ஊரறியாத சங்கதி ஒன்று உண்டு, சொர்ணவல்லிக்கு மட்டும் தெரியும்: இவர் காலில் ஒரு முள் தைத்தால் பிடுங்குவதற்குள் இரண்டு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறு வயதில் எப்போதோ ஒருமுறை இவருக்கு அம்மை குத்தினார்களாம். அப்புறம் கத்தியைப் பிடித்தது இவர் கையே தவிர, கத்தி இவர் கையைத் தொட்டதே இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி குத்திக்கொள்ள வேண்டும் என்று இலாகாவில் கேட்கும்போதெல்லாம், "ஆச்சுங்க" என்று சொல்லிவிடுவார். அம்மை குத்துகிறவரிடமே போய்க் கையைக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் வைக்கோல்போர். மாடு தின்று தின்று ஒரு பக்கம் குகைபோலக் குடைந்திருந்தது. தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

"சத்தம் போடாதீங்கய்யா. இன்னும் கொஞ்சம் இங்கிட்டு நகந்து ஒக்காருங்க, காலு வெளிய தெரியுது" என்றது ஒரு குரல்.

மேலத்தெருப் பொன்னுத்தாய். முப்பது வயதுக்காரி. மடியில் அவளுடைய மூன்று வயது மகள்.

"நீ எங்க இங்க வந்தே?"

"நான் எப்பவும் இங்கிட்டுத்தான். சின்னப்பிள்ளையில எங்க ஆத்தா ஒளிச்சு வச்சதும் இந்தப் போர்லதான். அம்மை குத்துற ஐயா வீட்டு வைக்கப்போர்ல யாரு வந்து தேடப்போறா? நீங்க வாரீங்கன்னா பாதி ஊரு இங்கதான் இருக்கும். ஒங்க வீட்டம்மாதான் தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க."

ஆத்மநாதனுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் பாருங்கள், இந்த வகை மனிதர்களுக்கு எந்த இடியிலும் ஒரு ஆசை மட்டும் சாகாது. மெள்ளக் கேட்டார்:

"என்னைக் கண்டா ஒங்களுக்கு அம்புட்டுப் பயமா, பொன்னுத்தாயி?"

"ஒங்களைக் கண்டா என்னய்யா பயம்? கத்தியைக் கண்டுல்ல ஓடுனோம். அதை ஒரு கழுதை கழுத்துல கட்டி விட்டிருந்தாலும் ஓடித்தான் இருப்போம்."

மீசைப் பக்கம் போயிருந்த கையை ஆத்மநாதன் இறக்கிக்கொண்டார்.

"அது சரி, நீங்க ஏன் ஒளியிறீங்க?"

"வலிக்கும்ல" என்றார் ஆத்மநாதன்.

பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. "அதைச் சொல்லுங்க" என்றாள். அப்புறம், குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு தம்பி இருந்தான். ரெண்டு பேரும் இங்கதான் ஒளிஞ்சோம். அந்த வருசமே அம்மை வாத்து அவன் போயிட்டான். எனக்கு வரலை."

அந்த வருஷம் தாம் மேலத்தெருவின் நடுவில் நின்றது ஆத்மநாதனுக்கு ஞாபகம் இருந்தது. வெறும் தெருவைப் பார்த்து மீசையை முறுக்கியதும் ஞாபகம் இருந்தது. தேடியிருந்தால் கிடைத்திருப்பார்கள், அவருடைய கொல்லைக்குத்தான் போயிருக்க வேண்டும். அவர் தேடவில்லை. ஊர் ஓடியதே போதும் என்று அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

"பிள்ளைக்குக் குத்திருவோம், தாயி" என்றார். அம்மை குத்தும் விஷயத்தில் முப்பது வருஷத்தில் அதட்டாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"நீங்க மொதல்ல குத்திக்கங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

தலைமுடியெல்லாம் வைக்கோலோடு ஆத்மநாதன் வெளியே வந்தார். தொழுவத்து வாசலில் செபமாலை கத்தியோடு தயாராக நின்றான். "போருக்குப் பின்னால பாருங்க தம்பி" என்று சொர்ணவல்லி முன்பே சொல்லியிருந்தாள். சங்கதி எப்படியோ பரவி, தெருவே வேலியோரம் கூடியிருந்தது. ஆத்மநாதன் சட்டையைக் கழற்றினார். கண்ணை இறுக மூடினார். சேவுகன் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, செபமாலை இன்னொரு கையில் கத்தியை வைத்துத் திருகினான்.

அவர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காகங்கள் மொத்தமாகப் பறந்தன.

ஊர் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் கண்ணெதிரே இந்த ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்தபடியே பொன்னுத்தாய் மகளைக் கொண்டுவந்து நீட்டினாள். பிள்ளை ஒரு சிணுங்கலோடு சரி. அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தாய்மாமன் வீடுகளுக்குப் போயிருந்த பிள்ளைகளெல்லாம் அரை மணியில் திரும்பி வந்துவிட்டார்கள். அம்மை குத்துற ஐயாவே இந்தச் சத்தம் போட்டும் உயிரோடு இருக்கிறார், நமக்கென்ன என்றுதான் வந்தார்களாம்.

ஆத்மநாதன் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். கை வீங்கியிருந்த நாட்களில் காப்பிக் கடைக்குப் போனார். "இன்னும் வலிக்குதாய்யா?" என்று சேவுகன் கேட்க, அவர் வலித்த விதத்தை விவரிக்க, சுற்றி நாலு பேர் கூடினார்கள். மறுநாளும் போனார். வீக்கம் வற்றி வெகு நாளாகியும், இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். தாம் போட்ட சத்தத்தைத் தாமே போட்டுக் காட்டுகிறார் என்று கேள்வி. சொர்ணவல்லி அந்தக் காக்கிக் கோட்டைக் கிழித்துக் கரித்துணியாக்கிவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தாராம். அந்தப் பழைய ஆசை அவ்வளவு சுலபமாகப் போகுமா?

ஆனால் அன்று சாயங்காலம் செபமாலை சைக்கிளில் ஏறும்போது சொர்ணவல்லியிடம் சொன்னதையும் நீங்கள் கேட்க வேண்டும். பையன் முகம் ஜொலித்தது.

"என்னைப் பாத்து ஒருத்தர் ஓடினது இதுதாங்கம்மா மொதத் தடவை! இன்னைக்குத்தான் உத்தியோகம் பாக்குற மாதிரி இருக்கு."

இந்த இனம் அழியாது, கவலைப்படாதீர்கள்.

நமக்கென்ன, நாம் அம்மை குத்துகிறவரும் இல்லை, பென்ஷனுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறீர்கள். விடுங்கள். நேற்று மாலை ஆபீசிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினீர்களே, அதுவரை உள்ளே கலகலவென்று கேட்டுக்கொண்டிருந்த சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றதே, அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?