இரண்டு சக்கரங்களுக்கும் சம நீதி

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். லாரிக்குப் பின்னால் எத்தனை சக்கரம் என்று யாராவது கேட்டால்கூட வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். ஒன்றைக் கூட்டிச் சொன்னால் இலாகாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், குறைத்துச் சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் இடிந்தது என் சமையலறைச் சுவர். அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில் விழுப்புரத்தில் கனரக லாரி அபிவிருத்தி இலாகா என்று ஒன்று ஏற்பட்டது. முதலில் இலாகா வந்தது, பிறகு நாற்காலிகள் வந்தன, பிறகு சூப்பிரண்டு சக்கரபாணி வந்தார். எல்லாம் வந்து வெகுநாள் கழித்து ஒரு லாரியும் வந்தது.

அது சாதாரண லாரி இல்லை. சாதாரண லாரியில் பின்சக்கரம் ஒன்று சேற்றில் சிக்கினால் அது மட்டும் வெறுமனே சுற்றும். கெட்டித் தரையில் இருக்கிற இன்னொரு சக்கரம் சும்மா நிற்கும். இஞ்சினின் பலம் முழுவதும் வெட்டியாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே போய்ச் சேரும். இந்தப் புது லாரியில் டிரைவர் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருந்தது. டிபரன்ஷியல் லாக் என்று பேர். அதை இழுத்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும். எப்பேர்ப்பட்ட சேற்றிலிருந்தும் வண்டி ஏறி வந்துவிடும்.

திண்டிவனத்துக்குத் தெற்கே எங்கள் ஏரியில் வைத்துச் சோதனை செய்தார்கள். டிரைவர் செபஸ்தியான் லாரியை வண்டலில் இறக்கி, லாக்கை இழுத்து, யானை எழுந்திருக்கிற மாதிரி ஏற்றிக் காட்டினான். சூப்பிரண்டுக்கு மாலை போட்டார்கள்.

"சுதந்திர நாட்டில் ஒரு சக்கரம் உழைக்க இன்னொரு சக்கரம் வேடிக்கை பார்ப்பதா?" என்று கேட்டார் சூப்பிரண்டு. ஜனங்கள் கை தட்டினார்கள்.

"என்னையும் எங்க வூட்டுக்காரரையும் இப்பிடிச் சேத்துப் பூட்டி வுட்டா தேவல," என்றாள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. விழுப்புரம் போனதும் சூப்பிரண்டு ஓர் உத்தரவு போட்டார். மேற்படி லாக்கானது அரசாங்கப் பணத்தில் வாங்கப்பட்டதாகையால், எக்காலத்திலும் எவ்விடத்திலும் அதை உபயோகிக்காமல் வீணடிக்கக் கூடாது என்பது உத்தரவு. நெம்புகோலை இழுத்த நிலையிலேயே கம்பியால் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

செபஸ்தியான் தலையைச் சொறிந்தானாம். "சார், வண்டி வளையும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் கொஞ்சம் ஜாஸ்தி ஓடணும். பூட்டிக்கினு இருந்தா தார் ரோட்டுல திரும்பாது. நேராப் பூடும்."

"ஒரு சக்கரம் மட்டும் ஜாஸ்தி ஓடினால், அதற்கு யார் ஜாஸ்தி படி கொடுப்பது?" என்றாராம் சூப்பிரண்டு.

எங்கள் வீடு ஏரிக்கரைத் திருப்பத்தில் இருக்கிறது. மறுநாள் நான் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் லாரியின் மூஞ்சி இருந்தது.

"ஆரன் அடிச்சேன் இல்லம்மா? நகரக் கூடாதா?" என்றான் செபஸ்தியான் மேலிருந்து.

"யாருடா நகர்றது? நானா, வூடா?"

"கோச்சிக்காதீங்கம்மா. அந்த அரக்கு சீலை உடைச்சா என் வேல பூடும். செவுத்தை உடைச்சா விபத்துன்னு எழுதிப்பாங்க. எதை உடைக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. களிப்பானையை மட்டும் இறக்கி ஓரமாக வைத்தேன்.

சூப்பிரண்டு விசாரணைக்கு வந்தார். சுவரைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வீடு எப்போது திருப்பத்துக்கு வந்தது?"

"மாமனார் காலத்துலேர்ந்து இங்கதாங்க இருக்குது. ரோடுதாங்க அப்பறம் வந்துச்சு."

"வீடு இருந்ததால்தானே ரோடு வளைந்தது?"

"ஆமாங்க."

"அப்படியானால் வளைவுக்குக் காரணம் வீடு. லாரி வளையாமல் நேராகப் போயிற்று. நேர்மையாக நடந்துகொண்டது லாரி. வளைந்து நின்றது வீடு."

"கரெக்டுங்க," என்றார் என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு. கால்சட்டை போட்டவர்கள் எது சொன்னாலும் அவர் தலை தானாக ஆடும். தை பிறப்பதற்குள் வீட்டை அப்புறப்படுத்த வேண்டும் என்று சூப்பிரண்டு சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் ஊரில் லாக் மோகம் பிடித்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் தன் மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்களையும் இரும்புக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். அடுத்த வாரமே லாக் இல்லாத வண்டியில் போனால் கௌரவக் குறைச்சல் என்று ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை வண்டிக்கு லாக் இருக்குதா?" என்று கேட்டார்கள். மாடு இடது பக்கம் திரும்பும், வண்டி நேராகப் போகும். ஓமந்தூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் முகையூர்க் கருமாதியில் போய் இறங்கியது. ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "எல போட்டாங்க, சாப்ட்டோம்," என்றார்கள். ஒருவரும் கம்பியை அவிழ்க்கவில்லை.

எனக்கு ராத்தூக்கம் போயிற்று. இடிந்த சுவரை நாங்கள் மண் குழைத்து எழுப்புவோம், லாரி மறுபடி வந்து இடிக்கும். லாரி வருகிறபோதெல்லாம் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவேன். ஐப்பசி மழையில் ஒருநாள் அப்படி ஓடியவள் திரும்பிப் பார்க்கிறேன், லாரி வழுக்கிக்கொண்டே அழகாகத் திருப்பத்தில் வளைந்து போகிறது. தார் மேல் ஏரி வண்டல் ஒரு சாண் படிந்திருந்தது. வழுக்குகிற இடத்தில் சக்கரம் சறுக்கித் திரும்பிக்கொள்கிறது என்று புரிந்தது. அன்றிலிருந்து மழை இல்லாத நாளில் நானே வண்டலைக் கூடையில் அள்ளிக் கொட்டி, குடத்தால் தண்ணீர் ஊற்றினேன்.

சுவர் இடிந்ததாக விபத்து ரிப்போர்ட் வருவது நின்றுபோனதால் சூப்பிரண்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரில் வந்தார்.

"சுவர் ஏன் உடையவில்லை?"

"சேறு இருக்குதுங்க. லாரி திரும்பிடுதுங்க."

அவர் குனிந்து சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "லாரியில் குறை இல்லை. லாக்கில் குறை இல்லை. ஆகவே, குறை தாரில்தான் இருக்கிறது," என்றார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் தார் ரோட்டைக் கொத்திப் பெயர்த்துச் சேறு நிரப்பினார்கள். சேறு விஸ்தரிப்புத் திட்டம் என்று பேர். ஜனங்கள் சண்டைக்குப் போவார்கள் என்று நினைத்தேன். சண்டைக்குத்தான் போனார்கள். கண்டமங்கலத்துக்காரர்கள் இலாகா வாசலில் உட்கார்ந்து, "எங்களுக்கு மட்டும் தார் ரோடா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்? எங்களுக்கும் சேறு போடு!" என்று கத்தினார்கள்.

எனக்கு வீடு பிழைத்தது என்று இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அளவுச் சங்கிலியோடு வந்தார்கள். சேறு பரவுவதற்கு இடம் வேண்டுமாம். பொதுமக்கள் நலன் கருதி மேற்படி வீடு சேற்றுக்கு இடையூறாக இருக்கிறதாம். நாளைக்கே இடிக்கப்போகிறார்களாம்.

"கரெக்டுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

விடிந்ததும் கெங்கம்மாளிடம் நாற்று முடிகளை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்கு எதிரில் ரோடு முழுக்க நடவு நட்டேன்.

"ஏண்டி, ரோட்டுல போய் நாத்து நட்டுக்கினு கீற?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க இருக்குது ரோடு? காட்டு பாக்கலாம்."

அவர் குனிந்து பார்த்தார். சேற்றைக் காலால் துழாவியும் பார்த்தார்.

வீட்டை இடிக்க ஆட்களோடு வந்த சூப்பிரண்டு நாற்றைப் பார்த்து, "பிடுங்கு!" என்றார். அதற்குள் ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் சீனுவாசன் குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தொடாதீங்க சார். பயிர் நிக்குது. பயிர்க் கணக்குல ஏத்திட்டேன். இனிமே இது ரெவின்யூ இலாகா."

"இது ரோடு!"

"ரோட்டுல நெல்லு மொளைக்குமா சார்? யோசிச்சுப் பேசுங்க."

சூப்பிரண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வேறோர் இலாகாவின் பயிரை மிதிப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று எந்த விதியிலும் இல்லை. அனுமதி கேட்டு எழுதிப்போட்டார். பதில் வருவதற்குள் பயிர் பால் பிடித்தது. இதைப் பார்த்து வழிநெடுக எல்லோரும் அவரவர் வாசலில் நட்டார்கள். விழுப்புரம் வரை ஒரே பச்சை. அதிக உணவு உற்பத்தி செய்த இலாகா என்று சூப்பிரண்டுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொள்ள அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு மேலேயே நடந்து போனார்.

இப்போது எந்த வண்டியும் வருவதில்லை. மல்லாட்டைக் கடலை மூட்டை தலைமேல் போகிறது. பிள்ளைத்தாய்ச்சியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். யார் இறங்குவது என்பதில் தினமும் அடிதடி. மறுபடி தார் ரோடு வேண்டும் என்று மனு எழுதி, கெங்கம்மாள் உள்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையெழுத்துக்காக என்னிடம் வந்தார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் தார் வந்தால் லாரி வரும். நெம்புகோலில் வைத்த அரக்கு முத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது என்று செபஸ்தியான் சொன்னான்.

அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவில் சில நாள் அது பயிர்க் கணக்கில் ஏறாமல் வெறும் தரையாகக் கிடக்கிறது. அந்த நாட்களில்தான் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அதனால் இந்தத் தடவை கதிர் அறுத்த அன்றைக்கே, நட்ட நடு ரோட்டில், வரிசையாகத் தென்னங்கன்று வைத்துவிட்டேன்.